அளவுகள் மாறலாம், அறம் மாறுமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. வெள்ளம் வரும்போதும் தீப்பற்றும்போதும் இது நல்ல அறிவுரையே. ஆனால் நன்மை எது, தீமை எது என்று முடிவு செய்ய வேண்டிய இடத்திலும் இதையே அளவுகோலாகக் கொள்ளலாமா? ஊரார் அனைவரும் செய்வதாலேயே ஒரு செயல் நற்செயலாகிவிடுமா?

இன்று நம்மைச் சுற்றி அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. தேர்வுக் கூடத்தில் பிட்டு வைத்து எழுதுகிறவனைக் கேட்டால், “எல்லோரும்தானே எழுதுகிறார்கள்?” என்கிறான். வாக்குக்குப் பணம் வாங்குகிறவரைக் கேட்டாலும், வரதட்சணை பேசி முடிக்கிறவரைக் கேட்டாலும் அதே விடைதான். இன்னும் கொஞ்சம் படித்தவர்களோ, “உனக்குச் சரி என்பது உனக்கு, எனக்குச் சரி என்பது எனக்கு, எல்லோருக்கும் பொதுவான அறம் என்று ஒன்று எங்கே இருக்கிறது?” என்று கேட்கிறார்கள். இந்த எண்ணத்தை அறச் சார்புக் கொள்கை எனலாம். நன்மை தீமை என்பன அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தையோ தனிமனிதரின் விருப்பத்தையோ சார்ந்தவை. அவற்றிற்கு அப்பால் நின்று தீர்ப்புக் கூறும் அறம் எதுவும் இல்லை என்பதே இதன் சாரம்.

இக்கொள்கையைச் சமயச் சான்றோர் பலர் மறுத்துள்ளனர். 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று, போப்பாகத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முந்தைய நாள், கர்தினால் ராட்சிங்கர் ஆற்றிய மறையுரையில் இதனை ஒரு சர்வாதிகாரம் என்றே சாடினார். ஆயினும் இம்மறுப்பைச் சொல்லால் மட்டுமன்றிச் சிறையாலும் உயிராலும் எழுதிக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவரே அமெரிக்காவின் மார்ட்டின் லூதர் கிங். அவர் வழியே இப்பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்கை பிறந்த கதை

அறச் சார்புக் கொள்கை புதியதன்று. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். பாரசீக மன்னன் டேரியஸ் தன் அவையிலிருந்த கிரேக்கர்களை அழைத்து, “எவ்வளவு பொருள் தந்தால் இறந்த தந்தையின் உடலை உண்பீர்கள்?” என்று கேட்டானாம். எவ்வளவு தந்தாலும் மாட்டோம் என்றனர் அவர்கள். பிறகு, இறந்த பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுடைய கல்லாத்தியர் என்ற இந்தியப் பிரிவினரை அழைத்து, “எவ்வளவு பொருள் தந்தால் தந்தையின் உடலை எரிப்பீர்கள்?” என்று கேட்டான். அத்தகைய கொடுஞ்சொல்லைச் சொல்லவும் வேண்டாம் என்று அவர்கள் அலறினராம். வழக்கமே அனைவரையும் ஆளும் அரசன் என்பது ஹெரடோட்டஸ் கண்ட முடிவு.

கதையைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். எரிப்பதும் உண்பதும் வேறுவேறு செயல்கள். ஆனால் இரு சாராரையும் பதறச் செய்தது எது? இறந்த தந்தைக்கு இழிவு நேர்ந்துவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம் அன்றோ? சடங்கு மாறுபட்டது, தந்தையைப் போற்ற வேண்டும் என்ற கடமை மாறுபடவில்லை.

20-ஆம் நூற்றாண்டில் இக்கொள்கைக்குப் புதிய வலிமை தந்தவர்கள் மானிடவியல் அறிஞர்கள். ரூத் பெனடிக்ட் 1934-இல் வெளியிட்ட ‘பண்பாட்டின் கோலங்கள்’ என்ற நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. இவர்களை நாம் குறைவாக மதிப்பிடலாகாது. வெள்ளையர் பண்பாடே உயர்ந்தது, மற்றவர்கள் காட்டுமிராண்டிகள் என்ற செருக்கை உடைக்கவே இவர்கள் எழுதினார்கள். ரூத் பெனடிக்ட் 1943-இல் இனவெறியை எதிர்த்துச் சிறு நூல் ஒன்றும் எழுதினார். பிறரை இகழாதே என்ற நல்ல உள்ளத்தில் பிறந்த கொள்கை இது. ஆனால் நல்ல உள்ளத்தில் பிறந்த கொள்கையெல்லாம் நல்ல முடிவில் கொண்டு சேர்ப்பதில்லை.

பெயரால் வந்த மயக்கம்

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒன்று கூற விரும்புகிறேன். “ஐன்ஸ்டீனே எல்லாம் சார்பு என்று சொல்லிவிட்டார், அறம் மட்டும் எப்படி நிலையாக இருக்கும்?” என்று பேசுவோர் உண்டு. இது ஐன்ஸ்டீனைப் படிக்காதவர் பேச்சு.

1905-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வுரை இரண்டு அடிப்படைகள் மீது நிற்கிறது. ஒன்று, சீரான வேகத்தில் செல்லும் எல்லோருக்கும் இயற்பியல் விதிகள் ஒன்றே. மற்றொன்று, வெற்றிடத்தில் ஒளியின் வேகம் யார் அளந்தாலும் ஒன்றே. அது நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். இந்த இரண்டும் மாறாதவை என்பதால்தான் நீளமும் காலமும் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. எனவே மாறாத விதியைத் தேடிக் கண்டதே ஐன்ஸ்டீனின் சாதனை. பெயரை மட்டும் பார்த்து மயங்குவது பொருந்தாது.

இன்னும் எளிய எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். இங்கே ஒரு மனிதனுக்குள்ள எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் சந்திரனில் இருக்கும். அதனால் ஈர்ப்பு விதி சந்திரனுக்கு வேறு என்று யாரும் கூறுவதில்லை. ஒரே விதி இரண்டு இடங்களில் இரண்டு எடைகளைத் தருகிறது. இடத்திற்கேற்ப அளவு மாறும், விதி மாறாது.

டெட்ராயிட் நகரில் ஒரு மறையுரை

1954-ஆம் ஆண்டு பிப்ரவரி 28. டெட்ராயிட் நகரில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் மறையுரை ஆற்றினார். அப்போது அவருக்கு வயது 25. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இறையியலில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். இழந்த விழுமியங்களை மீண்டும் கண்டெடுப்பது அன்றைய உரையின் பொருள்.

அறிவியல் வளர்ச்சியால் உலகம் ஓர் அண்டை வீடு போல் சுருங்கிவிட்டது; ஆனால் நாம் உடன்பிறப்புகளாகவில்லை என்று அவர் வருந்தினார். காரணம் அறிவுக் குறைவன்று, அறக் குறைவே என்றார். இக்காலத்தார் தலைகளை எண்ணி நன்மையை முடிவு செய்கிறார்கள்; பலர் செய்தால் சரி, சிலர் மட்டும் செய்தால் தவறு என்கிறார்கள். பலன் கிடைத்தால் சரி என்பது இவர்களுடைய மற்றோர் அளவுகோல். பத்துக் கட்டளைகளுக்குப் பிறகு, ‘மாட்டிக்கொள்ளாதே’ என்று பதினோராவது கட்டளை ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நகைச்சுவையோடு சாடினார். பிட்டு எழுதும் நம் நண்பர்களுக்கு இந்தக் கட்டளை நன்கு பழக்கமானதே!

அடுத்து அவர் கூறிய வாதம் அறிவியல் மாணவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. உயரமான கட்டடத்திலிருந்து யாரும் விளையாட்டாகக் குதிப்பதில்லை. ஈர்ப்பு விதியை அறியாதவன்கூட அதற்கு அஞ்சுகிறான். அறத்திற்கும் அத்தகைய விதிகள் உண்டு என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். வெறுப்பு எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் தீமையே. நாள்காட்டி அதை மாற்றாது என்றார் அவர். இந்த விதிகளைப் படைத்தவன் இறைவன். அவனை வாயால் ஒப்புக்கொண்டு வாழ்க்கையால் மறுப்பதே இக்காலத்தின் பெரும் நாத்திகம் என்று எச்சரித்தார்.

வழக்கம் என்னும் கேடயம்

அவர் இவ்வளவு உறுதியாகப் பேசியது ஏன்? அவர் மக்களை ஒடுக்கியவர்கள் கையில் வழக்கமே கேடயமாக இருந்தது.

லூயிசியானா மாநிலம் 1890-இல் ஒரு சட்டம் இயற்றியது. இரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவர்க்கும் தனித்தனிப் பெட்டிகள் என்றது அது. ஹோமர் பிளெசி என்பவர் இதை எதிர்த்து வழக்காடினார். 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் அச்சட்டத்தை ஏற்றது. சட்டம் இயற்றுவோர் மக்களிடையே நிலைபெற்ற பழக்க வழக்கங்களையும் மரபுகளையும் கருத்திற்கொள்ளலாம் என்பது நீதிபதிகள் காட்டிய காரணங்களுள் ஒன்று. மறுப்புத் தீர்ப்பு எழுதியவர் ஜான் மார்ஷல் ஹார்லன் ஒருவரே.

அறச் சார்புக் கொள்கை உண்மையானால் அந்த ஏழு பேரும் செய்தது சரியாகிவிடும். அந்த ஊரின் வழக்கம் அது. அதை விட்டு வேறு அளவுகோல் எது? ஹார்லன் தவறு செய்தவராகிவிடுவார். அவர் மட்டுமா? ஊர் வழக்கமே அறம் என்றால், ஊரை எதிர்த்து நின்ற சீர்திருத்தக்காரர் ஒவ்வொருவரும் அந்த நாளில் அறம் தவறியவரே. 1829-இல் உடன்கட்டை ஏறுதலைத் தடை செய்யப் போராடிய இராஜாராம் மோகன்ராய் முதல் அனைவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். உடன்கட்டை ஒழிந்ததை முன்னேற்றம் என்று கூடச் சொல்ல முடியாது. வழக்கம் மாறிற்று என்று மட்டுமே சொல்ல முடியும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. என் தாத்தா காலத்தில் எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடை ஒன்றில் எங்களவர்களுக்குக் கொட்டாங்குச்சியில்தான் தேநீர். குடித்த பின் கழுவிக் கூரையில் செருகிவிட்டு வர வேண்டும். ஏன் என்று கேட்டால், “இது ஊர் வழக்கம்” என்பதே விடை. ‘ஊருக்கு ஊர் அறம் வேறு’ என்று இன்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தக் கடை வாசலில் நின்றிருந்தால் என் தாத்தாவிற்கு என்ன சொல்லியிருப்பார்கள்? ‘உங்களுக்கு இது தவறு; அவர்களுக்கு இது சரி’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அவர்களால் சொல்லியிருக்க முடியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வழக்கத்திற்கு மேலே ஓர் அறம் உண்டு என்று யாரோ சிலர் நம்பிப் போராடியதால்தான் நான் இங்கு வந்து அமர்ந்திருக்கிறேன் என்பதை மறக்க இயலாது.

சிறையிலிருந்து ஒரு கடிதம்

டெட்ராயிட் மறையுரைக்குப் பின் இரண்டு ஆண்டுகள் முடியுமுன்பே கிங்கின் கொள்கைக்குச் சோதனை வந்தது. 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் ஒரு வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார் ரோசா பார்க்ஸ் என்ற பெண்மணி. அவரைக் கைது செய்தனர். நகரச் சட்டமும் ஊர் வழக்கமும் ஒரே பக்கம் நின்றன. கிங் தலைமையில் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தே சென்றனர். இறுதியில் அந்தச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1963 ஏப்ரலில் பர்மிங்காம் நகரில் அறப்போர் நடந்தது. தடையை மீறி ஊர்வலம் சென்ற கிங்கைச் சிறையிலடைத்தார்கள். அவ்வூரின் வெள்ளைச் சமயத் தலைவர்கள் எட்டுப் பேர், இப்போராட்டம் அறிவுடைமையன்று, காலத்திற்கு ஏற்றதன்று என்று அறிக்கை விட்டனர். செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கி, ஏப்ரல் 16 தேதியிட்டு அவர் தந்த விடையே உலகப் புகழ்பெற்ற பர்மிங்காம் சிறைக் கடிதம்.

சட்டத்தை மீறலாமா என்ற கேள்விக்கு அவர் அகஸ்டினையும் தாமஸ் அக்குவினாசையும் துணைக்கு அழைத்தார். இறைவனின் அறத்தோடு ஒத்தது நீதியான சட்டம். ஒவ்வாதது அநீதியான சட்டம். மனிதனின் மாண்பை உயர்த்துவது நீதி, தாழ்த்துவது அநீதி. ஹிட்லர் ஜெர்மனியில் செய்தவை அனைத்தும் அந்நாட்டுச் சட்டப்படி சரியே என்பதையும் அவர் நினைவூட்டினார்.

ஹிட்லரின் கூட்டாளிகளை நூரம்பர்க்கில் விசாரித்த போது உலகமே இந்த உண்மையை ஒப்புக்கொண்டது. 1945-இல் வகுத்த அந்த நீதிமன்றத்தின் சாசனம், மனித குலத்திற்கு எதிரான குற்றங்கள், அவை நிகழ்ந்த நாட்டின் சட்டத்தை மீறியவையோ இல்லையோ, குற்றங்களே என்றது. மேலிடத்துக் கட்டளை என்பதும் குற்றத்தைப் போக்காது என்றது. 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. வாக்களித்த நாடுகளில் எதிர்த்தவை ஒன்றுமில்லை. நடுநிலை வகித்தவை எட்டு. நிறவெறி ஆட்சி தொடங்கிவிட்ட தென்னாப்பிரிக்கா அவற்றுள் ஒன்று என்பதில் வியப்பில்லை!

மாண்பு எங்கிருந்து வருகிறது? மனிதன் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டவன் என்பது கிங்கின் விடை. அரசு கொடுத்த மாண்பை அரசு பறிக்கலாம். ஊர் கொடுத்த மாண்பை ஊர் பறிக்கலாம். இரண்டும் கொடுக்காததை இரண்டும் பறிக்க முடியாது. சமயத்தின் மறுப்பில் உயிர்நிலை இதுவே.

எழும் ஐயங்கள்

“மதமே அடிமை முறையை ஆதரித்ததே?” என்று கேட்கலாம். உண்மைதான். கிங் சார்ந்த பாப்டிஸ்ட் பிரிவிலேயே, அடிமைகளை உடையவர்கள் மறைபரப்பாளர்கள் ஆகலாமா என்ற பூசலில் தென்மாநிலத்தார் 1845-இல் பிரிந்து தனி அமைப்புக் கண்டனர். அதே அமைப்பு 1995-இல் அதற்காக மன்னிப்புக் கோரிற்று. வழக்கமே அறம் என்றால் மன்னிப்புக்கு இடம் ஏது? மதமும் தலை வணங்க வேண்டிய அறம் ஒன்று அதற்கும் மேலே இருப்பதால்தான் மதத்தையும் திருத்த முடிகிறது. சிறைக் கடிதத்தில் கிங் மிகவும் கடிந்துகொண்டவர்களுள் தேவாலயத்தாரும் உண்டு.

“கடவுளை நம்பாதவர்க்கு அறம் இல்லையா?” என்பது அடுத்த ஐயம். அப்படிச் சொல்வது பெருந்தவறு. கடவுள் மறுப்பாளரான பெரியார் 1924-இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றார். தீண்டாமை ஓர் ஊருக்குச் சரி, ஓர் ஊருக்குத் தவறு என்று அவர் கூறவில்லை. எங்கும் இழிவு என்றே கூறினார். கடவுளைப் பற்றி இவ்விருவரும் இரு துருவங்கள். அறம் ஊர் வழக்கத்திற்குக் கட்டுப்பட்டதன்று என்பதில் இருவரும் ஒரே அணி.

“அந்த நிலையான அறம் எது என்று உறுதியாக யார் அறிவார்? அறிவேன் என்பது ஆணவம் ஆகாதா?” இதுவே வலிமையான கேள்வி. விடையை நம் ஆய்வுக்கூடத்திலேயே காணலாம். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்கிறோம். ஒருவருக்கு 9.6 வருகிறது, மற்றொருவருக்கு 10.1 வருகிறது. உடனே, ‘அவரவர்க்கு அவரவர் மதிப்பு’ என்று பதிவேட்டில் எழுதுவதில்லை. வகுப்பில் வாக்கெடுப்பும் நடத்துவதில்லை. பிழை எங்கே என்று தேடி மீண்டும் அளக்கிறோம். பிழை என்ற சொல்லுக்கே, உண்மை மதிப்பு ஒன்று இருந்தால்தான் பொருள் உண்டு. ஆகவே பணிவு வேண்டும் என்பது மெய். என் அளவு தவறாக இருக்கலாம் என்று எண்ணுவதே பணிவு. அளக்கப்படும் பொருளே இல்லை என்பது பணிவன்று.

இடமறிந்து நடப்பதையும் அறம் தடுக்கவில்லை. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே கூறியுள்ளார். இதைக் காட்டி அவரும் சார்புக் கொள்கையினர் என்பார் உண்டு. அவர் விதித்த நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். ‘குற்றமற்ற நன்மை’ என்ற அளவுகோல் அங்கே அசையாமல் நிற்கிறது. சந்திரனில் எடை குறைவது போன்றதுதான் இதுவும்.

நமது கடமை

1959-இல் கிங் இந்தியாவிற்கு வந்தார். கேரளத்தில் ஒரு பள்ளிக்குச் சென்றபோது, தீண்டாமைக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவரை, அமெரிக்காவிலிருந்து வந்துள்ள மற்றொரு தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகம் செய்தாராம். முதலில் அவருக்கு அதிர்ச்சியாக இருந்தது. பிறகு அது உண்மையே என்று உணர்ந்ததாக 1965-இல் ஒரு மறையுரையில் கூறினார். மொழி வேறு, மதம் வேறு, நிறம் வேறு. இழிவு மட்டும் ஒன்றாக இருந்தது. இழிவு எல்லா ஊரிலும் ஒன்றாக வலிக்குமானால், அதைத் தவறு என்று சொல்லும் அறமும் எல்லா ஊருக்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குள் 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறிவிட்டன. தலைகளை எண்ணி நன்மையை முடிவு செய்திருந்தால் இவை வந்திருக்குமா?

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் பட்டம் பெற்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணியாற்றப் போகிறோம். “இங்கே இதுதான் வழக்கம்” என்று சொல்லி ஒரு கோப்பையோ உறையையோ யாரேனும் நம்முன் நீட்டத்தான் போகிறார்கள். அப்போது எத்தனை பேர் செய்கிறார்கள் என்று எண்ணாமல், செய்யத்தக்கதா என்று எண்ணுவோம். பிற மக்களின் உணவையும் உடையையும் வழிபாட்டையும் மதிப்போம். எவரையும் இழிவு செய்யும் வழக்கத்தை மட்டும், அது நம் ஊரினதே ஆயினும், நம் வீட்டினதே ஆயினும், மதிக்க மறுப்போம். கற்ற கல்விக்கு அதுவே பயன் ஆகட்டும்.